ஏறாத லா, முங்கிடும்

சில வருடங்களுக்கு முன்பு மலேசியாவின் பினாங்கில், பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் நடந்தது இது. பிறை என்ற ஊரில் என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலை சார்பில் அங்கே குடும்ப தினம் வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவருக்குக் கேட்டமரன் ஓட்ட ஆசை வந்துவிட்டது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே வலைத்துணி இழுத்துக் கட்டிய சின்னப் பாய்மரப் படகு. கட்டுமரம் நம் ஆட்கள் கண்டுபிடித்தது, நமக்கே சொல்லித்தர வேண்டுமா என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டார்.

படகை வாடகைக்கு விடும் மலாய்க்காரர், அதை மணலிலேயே சாய்த்துப் போட்டு, கவிழ்ந்தால் என்ன செய்வது என்று காட்டினார். படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. முதலில் பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். படகின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு தண்ணீரில் கிடக்கும் மிதவை மேல் ஏறி நின்று, மேலே தூக்கி நிற்கும் மிதவையிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். கைப்பலம் போதாது, உடம்பின் கனம்தான் தூக்கும் என்றார். நான் கவனமாகக் கேட்டேன். இவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் படகில் ஏறிக் கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போனதும் ஒரு காற்று அடித்தது, கவிழ்ந்துவிட்டோம். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மிதந்தோம். இவர் அவசரமாக மிதவை மேல் ஏறிக் கயிற்றை இழுத்தார். ஒல்லியான ஆள், தொங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். பாய்மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முழுக்கத் தலைகீழாகிவிட்டால் நிமிர்த்துவது ரொம்பக் கஷ்டம் என்று அந்த மலாய்க்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. கரையில் ஒரே பாட்டுச் சத்தம், யாரும் எங்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் ஏறப் போனேன்.

"நீ ஏறாத லா. நீ ஏறுனா மொத்தமா முங்கிடும்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் புளித்துப்போன பேச்சு. அன்று காதில் வாங்கவில்லை. பாய்க்கயிற்றைத் தளர்த்தினேன். மூக்கைப் பிடித்து, காலை உதைத்து உதைத்துக் காற்றுப் பக்கம் திருப்பினேன். பிறகு ஏறி அவர் பக்கத்தில் நின்று, அதே கயிற்றைப் பிடித்து, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாய் மெதுவாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பியது, படகு படாரென்று நிமிர்ந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் உடம்பை நினைத்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். அவர் ஏதாவது சொல்வார் என்று கரை வந்து சேரும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் நண்பர்கள் ஓடி வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள்.

"இவ வெயிட்டுக்கு எந்தப் படகு தாங்கும்? கவுந்துருச்சு. நல்லவேள, நான் இழுத்து நிமித்துனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போதும் தீபாவளிக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனுசனை நான் இன்னும் மதித்துக்கொண்டிருப்பேனே என்றுதான் தோன்றுகிறது.