நாலு வரி டாக்டரம்மா

அவசரப் பிரிவில் அவருக்கு 'நாலு வரி டாக்டரம்மா' என்றுதான் பெயர். கேஸ் ஷீட்டில் முதல் வரியில் என்ன ஆபத்து, அடுத்ததில் ஏன் அப்படி நினைக்கிறார், மூன்றாவதில் என்ன செய்தாயிற்று, கடைசியில் அடுத்த ஷிப்ட் டாக்டர் என்ன செய்யவேண்டும். அதோடு பேனாவை மூடிவிடுவார். வீட்டுக்காரருக்கு எழுதிவைக்கும் சீட்டும் அதே லட்சணம்தான்: 'பால் தீர்ந்தது. வாங்கவும்.' சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்று அந்த மனுஷர் அலுத்துக்கொள்வார்.

பெரிய டாக்டரோ பக்கம் பக்கமாக எழுதியே தலை நரைத்தவர். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் உன் நாலு வரியா வந்து சாட்சி சொல்லும் என்று குதித்தார். திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் பழையபடி விலாவாரியாக எழுதவேண்டும் என்று உத்தரவு தயாராகிவிட்டது. அதை நீட்டத்தான் டாக்டரம்மாவை அறைக்குக் கூப்பிட்டார்.

டாக்டரம்மா அசரவில்லை. நோயாளிகளின் பெயரை மறைத்த இரண்டு கேஸ் ஷீட்டுகளோடு போனார். வார்டு சிஸ்டரையும் கூட்டிக்கொண்டார்; முகதாட்சண்யம் பார்த்துப் பேசுகிற பழக்கமே இல்லாத பெண்மணி அவர். இந்த நோயாளிகள் இப்போது உங்கள் பொறுப்பு, என்ன செய்வீர்கள் என்று சிஸ்டரிடம் கேட்டார்.

நாலு வரியைப் பார்த்ததும், மாரடைப்பு சந்தேகம், அரை மணியில் மறுபடி ஈசிஜி என்று சிஸ்டர் சட்டென்று சொன்னார். மற்றது மூன்று பக்கம். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கீழே விழுந்து தலையில் காயம், தையல் போட்டாயிற்று, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

"மூணாம் பக்கம், கடைசிக்கு முந்தின வரி," என்றார் டாக்டரம்மா.

பெரிய டாக்டரே வாங்கிப் படித்தார். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவராம். அப்படிப்பட்டவர் தலையில் அடிபட்டால், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுக்காமல் வாசலைத் தாண்ட விடலாமா? அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதைப் போய் இங்க ஒளிச்சு வெச்சிருக்காங்களே! எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான் சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. அடுத்த ஷிப்ட் டாக்டரும் சிஸ்டர் மாதிரியேதான் படிச்சார், வீட்டுக்கு அனுப்பிட்டார். மறுநாள் நினைவில்லாம தூக்கிட்டு வந்தாங்க. பிழைச்சுட்டார். வலது கை மட்டும் இன்னும் விளங்கலை. அதுக்கப்புறம் நான் நீளமா எழுதினதே இல்லை. கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார்."

திருப்பினார். பின்பக்கத்தில் சிவப்பு மையில், 'முழுமையான குறிப்பு. மற்றவர்களும் இப்படி எழுதவும்' என்று இருந்தது. கீழே இருந்த கையெழுத்து பெரிய டாக்டருடையது.

மேஜைமேல் கிடந்த உத்தரவை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, சிஸ்டர் கையிலிருந்த அந்த நாலு வரியை வாங்கிப் படித்தார்.