அழுகிப்போன பத்துமணிச் செடி

மூன்றாவது வரைதான் படித்தேன். தீக்குச்சி அடுக்கிய கையால் சாத்தூர் பக்கம் பட்டாசுக் கம்பெனி, கல்யாண மண்டபம், மாடி வீடு எல்லாம் கட்டினேன். அப்படிப்பட்ட என்னை ஒரு தரைச்செடி அழவைத்தது.

கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையைச் சுற்றி வெறும் கரிசல். ஆடிக் காற்றில் மண் பறந்து மருந்தில் விழுந்தால் உரசித் தீப்பிடிக்கும். புல் வளர்த்தால் காய்ந்து, அதுவும் ஆபத்து. அதனால் தரையோடு படரும் பத்துமணிச் செடியை நட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் பாய்ச்சினேன்.

அந்த அறையில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி, "மொதலாளி, தண்ணிய நிறுத்துங்க, சதைச் செடி அழுகிரும்" என்றாள்.

"எனக்கே பாடம் எடுக்கியா? போயி சோலியப் பாரு."

ஆனி முடிவதற்குள் அத்தனையும் கூழாகி நாறியது. காற்றும் கிளம்பிவிட்டது. உள்ளே வேலை பார்த்த ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அறையைப் பூட்டினேன். சீசன் ஆர்டர் அப்படியே நின்றது. முத்துலட்சுமி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏதாச்சும் செய்யி, தாயி."

"இப்பவாச்சும் காது கேட்டுச்சே. சரளை கொண்டாங்க. கரிசல் தண்ணிய வடியவிடாது."

கூடை கூடையாக நானே சுமந்து கொட்டினேன். அழுகாத நுனிகளைக் கிள்ளி அவள் ஊன்றினாள். வாடினால் மட்டும் தண்ணீர் தெளித்தாள். செடி படர்ந்து தரையை மூடும்வரை தினமும் குனிந்து குனிந்து பார்த்துச் செத்துப் பிழைத்தேன்.

இப்போது எல்லாரும் அதை முத்துலட்சுமி தோட்டம் என்கிறார்கள். நியாயம்தான். அவள் வாயை அடைத்தவன் நான். ஆனால் சரளை சுமந்தது இந்த முதுகு. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.