விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை

எங்கள் ஆபீசில் வேலையை விட நினைக்கும் வக்கீல் யாராக இருந்தாலும் முதலில் போய் நிற்பது ஆபீசை நடத்தும் சீனியர் வக்கீலான பெரியவரிடம் அல்ல, ஜன்னலோர மேடத்திடம்தான். ஜன்னலை ஒட்டிய மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். எந்த மாதத்தில் வேலை மாறினால் வம்பு வராது என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் அங்கே குமாஸ்தா. வழக்குக் கட்டுகளைச் சுமந்து கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தே முழங்கால் தேய்ந்தவள். அதனால் எல்லாம் என் காதில் விழும்.

“ஜனவரில வேண்டாம்பா. புது டைரி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வைராக்கியம் வரும். அத்தனை பேரும் ஒரே கதவைப் போய்த் தட்டுவாங்க. மார்ச்லயும் வேண்டாம், வருஷக் கணக்கு முடிக்கக் கட்சிக்காரங்க தலைதெறிக்க ஓடிட்டிருப்பாங்க, பாதில விட்டுட்டுப் போனா வயிறெரிவாங்க. கோடை விடுமுறைக்குக் கோர்ட்டை மூடுற அன்னிக்கு லெட்டரைக் கொடு. அஞ்சு வாரம் எந்த வழக்கும் வராது. கட்டுகளை நிதானமா ஒப்படைச்சிட்டு, கோர்ட் திறக்கிற அன்னிக்குப் புது நாற்காலில உட்காரு.”

இந்தக் கணக்கை நம்பி ஒன்பது பேர் போனார்கள். ஒன்பது பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கணக்குச் சொன்னவர் மட்டும் அதே நாற்காலியில். ஒவ்வொரு கோடைக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒரு வருஷம் முக்கியமான வழக்கு தீர்ப்புக்கு நிற்கிறது என்றார். ஒரு வருஷம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். போன வருஷம் மகளின் பரீட்சை. “நீ வேலை மாறுறதுக்குள்ள நானே வக்கீலாயிடுவேன் போலிருக்கும்மா” என்று அந்த மகளே ஆபீசுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கோர்ட்டில் நடப்பதைப் பார்ப்பவள் நான். பெரியவர் முன்னால் நின்று பேசுவார். மேடம் அவருக்குப் பின் வரிசையில். நீதிபதி இடக்காக ஒரு கேள்வி போட்டால் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், இடது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். அதற்குள் மேடம் பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதி அந்தக் கையில் வைத்திருப்பார். பெரியவர் அதைத் தனக்கே அப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்லிவிடுவார். பெயரும் அவருக்குத்தான். கெட்ட மனிதர் இல்லை, பழகிவிட்டது, இரண்டு பேருக்குமே. நாற்பத்து நாலு வயதில் மேடத்துக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு வழக்கையாவது தன் வாயால் பேசி முடிக்க வேண்டும்.

இந்த வருஷம் வாய்ப்பு தேடிக்கொண்டு வந்தது. கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இரண்டு அறை வைத்திருக்கும் இரண்டு பெண் வக்கீல்கள், நின்று வாதாட ஓர் ஆள் வேண்டும் என்று மேடத்தைக் கேட்டார்கள். கோர்ட் திறக்கும் திங்கட்கிழமை வந்துவிட வேண்டும். விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ராஜினாமாக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். முப்பத்திரண்டு கட்டுகளுக்கும் மேடம் குறிப்பு எழுதி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடிதத்தைப் பெரியவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

அன்று கோர்ட்டில் கால் வைக்க இடமில்லை. கடைசி நாள் என்றால் எல்லாரும் வாய்தா வாங்கத்தான் வருவார்கள். எங்கள் வழக்கு ஒரு விடுதிச் சமையல்காரம்மாவுடையது. சாமான் அறையில் திருடினாள் என்று பழி போட்டு வேலையைவிட்டு அனுப்பி ஒன்பது வருஷம் ஆகிறது. பெரியவர் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இது எத்தனாவது வாய்தா? வாதத்தை எப்ப முடிக்கப் போறீங்க? யார் முடிப்பீங்க?”

மேடம் எழுந்தார். “கோர்ட் திறந்து வர்ற முதல் வியாழக்கிழமை, ஐயா. நானே வந்து முடிச்சிடறேன். இனிமே அவகாசம் கேக்கமாட்டோம்.”

“நீங்களேவா? சரி, பதிவு பண்ணிக்கிறேன்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீதிபதி தேதி கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடும் பதினோரு வருஷப் பழக்கம். மேடம் டைரியைப் புரட்டி வழக்கு எண்ணை எழுதிய பிறகுதான் கீழே பார்த்தார். அந்த வியாழக்கிழமைக் கட்டத்தின் மூலையில் ‘புது ஆபீஸ், நாலாம் நாள்’ என்று பொடி எழுத்தில் அவரே எழுதியிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் சொன்னார். “கோர்ட்ல வாக்குக் கொடுத்துட்டேன். கட்டு இங்க இருக்கிற வரைக்கும் நானும் இங்கதான். அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம், விடுங்க.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஊருக்கெல்லாம் நாள் பாத்துக் கொடுங்க மேடம். உங்க ஒருத்தர் வாழ்க்கைக்கு மட்டும் வாய்தா வாங்கிட்டே இருங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடத்தின் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சமையல்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கம்மா போறதா இருந்தீங்க?”

மேடம் மறைக்காமல் சொன்னார்.

“போங்களேன். என் கேசையும் கையோட தூக்கிட்டுப் போங்க. பேசுறது அவரு, எழுதிக் குடுக்கிறது நீங்க. ஒம்போது வருஷமா பாத்துட்டுதானே உக்காந்திருக்கேன், எனக்கென்ன கண்ணு இல்லையா?”

மேடத்தின் கணக்கில் இது கிடையாது. யாருடைய கட்டையும் தொடாமல் வெறுங்கையோடு நழுவத்தானே விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது. கட்சிக்காரரையும் அழைத்துக்கொண்டு போவதென்றால், பழைய வக்கீல் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று தன் கைப்பட எழுதித் தர வேண்டும். அதை முகத்துக்கு நேராகக் கேட்க முன்னால் போன ஒன்பது பேரில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை.

நாலு மணிக்கு மேடம் பெரியவரின் அறைக்குள் போனார். கட்டை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். பெரியவர் ராஜினாமாவைப் படித்தார். இனி மேடமே தன் வழக்கைப் பேசட்டும் என்று சமையல்காரம்மா கையெழுத்திட்ட தாளையும் படித்தார். மேடத்தின் கை கடிகாரப் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தது.

“போன கோடைலயே எதிர்பார்த்தேம்மா” என்றார். “அதுக்கு முந்தின கோடைலயும். நீ கேக்கல. எனக்கும் வசதியா இருந்துச்சு, நானும் கேக்கல.”

பேனாவை எடுத்து அந்த ‘ஆட்சேபணை இல்லை’ வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இனிமே எனக்கு யாரு சீட்டு எழுதுவா?” என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கோர்ட் திறந்து வந்த அந்த வியாழக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் போனேன். மேடம் முன்னால் நின்றார். ஒரு மணி நேரம் தங்குதடையில்லாமல் போயிற்று. பிறகு நீதிபதி நிமிர்ந்து, “சாமான் அறைச் சாவி இந்தம்மாகிட்ட மட்டும்தானே இருந்துச்சு?” என்று கேட்டார்.

மேடம் சட்டென்று குனிந்தார். சீட்டைக் கிழித்து விறுவிறுவென்று பதில் எழுதி, முன்னால் நீட்டினார்.

முன்னால் யாரும் இல்லை. நீதிபதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் சமையல்காரம்மா பாதி எழுந்துவிட்டார். மேடம் மெல்லக் கையை இழுத்து, சீட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தார்.

“சாவி மூணு பேர்கிட்ட இருந்துச்சு, ஐயா.”

அந்த மாதிரிப் பதில்களைப் பதினோரு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அவர் குரலில் கேட்டது அன்றுதான்.