இடப்பக்கமாகச் சுற்றிய படகு

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வேங்கிக்காலில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர், சோலார், பேட்டரி ஆட்டோ எல்லாம் பார்ப்பேன். கடை வாசலில் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கட்டியதில்லை. கரண்ட் இருந்தால் சுற்றும், இல்லாவிட்டால் நிற்கும், அதற்கு மேல் எனக்கு ஒரு வேதாந்தமும் கிடையாது. இந்த ஊரில் மலைமேல் வெளிச்சம் பார்த்தேன், நடுவழியில் சித்தரைப் பார்த்தேன் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அவர்களை எல்லாம் கண் டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டு வாங்கியவள் நான். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கோபம் வரும். ஏனென்றால் இது நடந்தது.

ஏழுமலை பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவன். போன மழைக்காலத்தில் அவனுடைய தம்பி குமார் வலை எடுக்கப் பரிசலில் போனான். பரிசல் கவிழ்ந்து மிதந்தது, ஆளைக் காணோம். தீயணைப்பு வண்டி வந்து தேடியது, ஊர்க்காரர்கள் இறங்கித் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. உடனே கதை கட்டிவிட்டார்கள். அவன் சாகவில்லை, பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குமாருக்கு மீன் மாதிரி நீந்தத் தெரியும், அவன் எப்படி அந்த ஏரியில் சாவான்?

நடுவில் மாட்டிக்கொண்டவள் அவன் பெண்டாட்டி செல்வி. ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை பெருக்குகிறாள், கைக்குழந்தை வேறு. மாமியார் வீட்டில், கருமாதி செய்துவிடலாம், தாலியை எடுத்துவிடு என்று நெருக்கினார்கள். தெருவில், ஓடிப்போனவனுக்கு எதற்குக் கருமாதி என்று சிரித்தார்கள். அவள் ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "பொணத்தக் காட்டுங்க, கழட்டிடறேன். இல்ல உசுரோட இருக்கான்னு காட்டுங்க, போயி நாலு அறை உட்டுட்டு வரேன்." வேலை முடிந்ததும் தினமும் ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

தம்பி போனதிலிருந்து ஏழுமலை பரிசலைத் தொடவில்லை. சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினான். குடிக்கிற தண்ணீர் ஏரி, டீசல் இன்ஜின் போடக் கூடாது என்றார்கள். ஆன்லைனில் ஒரு கரண்ட் மோட்டார் வரவழைத்தான், படகின் பின்பக்கம் கவ்விப் பிடிக்கிற மாதிரி, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவது. அதைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் என் கடைக்கு வந்தான். கருகிய நாற்றம் தெருவரைக்கும் அடித்தது.

"அக்கா, புது மோட்டாரு. கொஞ்ச தூரம்தான் போச்சி, ஒயரு புகைஞ்சிடுச்சி. கம்பெனி மோசம்க்கா."

"கம்பெனி மோசமில்ல, நீதான் மோசம். இது என்னா ஒயரு?"

"வீட்ல ஃபேனுக்குப் போட்டது மீந்துச்சி."

"ஃபேன் ஒயருல படகு ஓட்டறியா? வோல்ட்டு கம்மின்னா கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும்யா. ஒயரு தடியா இருக்கணும். ஃபியூஸ் எங்க?"

"அது எதுக்குக்கா, ஏரி நடுவுல போயிடுச்சின்னா யாரு மாத்தறது?"

"ஏரி நடுவுல தீப்புடிச்சா யாரு அணைக்கறது?"

"அதான் சுத்தித் தண்ணி இருக்குதே" என்றான். அடிக்கப்போனேன்.

கடைசியில் நானே சாமான்களை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். பேட்டரி ஆட்டோவுக்குப் போடுகிற பேட்டரியைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து வாரால் இழுத்துக் கட்டினேன். தடி காப்பர் ஒயர், பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ், அதற்கு அடுத்து கையால் நிறுத்துகிற ஒரு சுவிட்ச். முனைகளை எல்லாம் அழுத்தி மூடினேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை, இதை எதற்குச் சொல்கிறேன் என்றால் நீங்கள் முதலில் அங்கேதான் சந்தேகப்படுவீர்கள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நல்ல வெளிச்சம். ஓட்டிப் பார்க்கலாம் என்று நானும் ஏழுமலையும் ஏறினோம். செல்வி கரையிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, அந்தக் கோரப் பக்கம் போயி பாருங்க. பரிசல் அதுக்குள்ள போவாதுன்னு அன்னிக்கு யாரும் போவல."

"பெங்களூர்ல இருக்கறவன் கோரையில எப்படிம்மா கிடைப்பான்?" என்று கேட்டுவிட்டேன். நான் அப்படித்தான் பேசுவேன். அவள் என்னைத் திட்டவில்லை. "போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

ஏழுமலை முன்னால், நான் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மோட்டார் சத்தமே இல்லாமல் இழுத்தது. கோரைக்குப் பக்கத்தில் திறந்த தண்ணீர் வந்ததும், நிறுத்திப் பார்க்கலாம் என்று கைப்பிடியைத் திருப்பி அணைத்தேன். படகு நிற்கவில்லை. ஓடின வேகத்தில் போகிறது என்று நினைத்தேன். ஆனால் வேகம் குறையவே இல்லை, அதோடு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. கைப்பிடியில் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பேட்டரிப் பக்கத்துச் சுவிட்சை நிறுத்தினேன். அப்போதும் போனது. ஒயரையே கழற்றிவிட்டேன், கழற்றிய முனையைக் கையில் பிடித்திருக்கிறேன், படகு போகிறது. எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். மோட்டாரை அப்படியே தண்ணீரிலிருந்து தூக்கி மடக்கினேன். விசிறி அசையாமல் இருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, கோரை நுனிகூட ஆடவில்லை. படகு சுற்றிக்கொண்டிருந்தது.

"யோவ், நீ துடுப்பு போடறியா?" என்று கத்தினேன். துடுப்பு அவன் காலடியில் கிடந்தது. அவன் ரெண்டு கையும் படகு விளிம்பைப் பிடித்திருந்தது. திரும்பாமலே சொன்னான், "அக்கா, எடப்பக்கமா சுத்துதுக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், சுற்றுவது என்றால் வலம்தான். கிரிவலத்தில் மலை எப்போதும் வலது கைப்பக்கம். எங்கள் ஆட்கள் இடப்பக்கமாகச் சுற்றுவது ஒரே இடத்தில்தான், சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறவன் பிணத்தைச் சுற்றும்போது. படகுக்கு இடது கைப்பக்கம் ஒரு துண்டு வெறும் தண்ணீர், அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். ஏழுமலை தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். குமாருக்கு மகன் இல்லை, பெண் குழந்தைதான். கொள்ளி வைக்க வேண்டுமென்றால் அண்ணன்தான் வைக்க வேண்டும், அந்த அண்ணன்தான் படகின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

மூன்று சுற்று. மூன்றாவது முடிந்த இடத்தில் படகு நின்றது, யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி. மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினேன், ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் எந்தத் தொல்லையும் இல்லாமல் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்து விட்டது.

செல்வி தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்றிருந்தாள்.

"மோட்டார மேல தூக்கித்தானே வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"எடப்பக்கமாதானே சுத்துச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "ஆமா" என்றேன்.

மறுநாள் ஏழுமலை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் முங்கித் தேடினான், சேறுதான் வந்தது. அதற்கடுத்த வாரம் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்தார்கள். செல்வி தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

கோடையில் ஏரி வற்றியது. நான் தனியாகப் போனேன். கோரை காய்ந்து நின்றது, நாங்கள் சுற்றிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. எலும்பு இல்லை, வலை இல்லை, ஒரு கிழிந்த லுங்கித் துணிகூட இல்லை. வெடித்த சேறு மட்டும்தான். நாளைக்கே குமார் பெங்களூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அவள் யாரைக் கேட்பாள்? ஆமா என்று சொன்னவள் நான்தானே? ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. செல்வி வேலை செய்யும் விடுதிக்குப் போய் அவளை வெளியே கூப்பிட்டேன்.

"அங்க ஒண்ணுமே இல்ல செல்வி. நான் சொன்னத வச்சி நீ முடிவு பண்ணியிருந்தா..."

"நீங்க சொன்னதுக்காகப் பண்ணலக்கா" என்றாள் சாதாரணமாக, கையில் துடைப்பத்தோடு. "மூணாவது சுத்துல கொடம் ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சில்ல, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

சுடுகாட்டில் மூன்றாவது சுற்று முடிந்ததும், கொள்ளி வைக்கிறவன் தோளிலிருக்கும் தண்ணீர்க் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைப்பான். அந்தச் சத்தத்தைச் சொல்கிறாள். "என்னா கொடம்?" என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நேராக ஏழுமலை வீட்டுக்குப் போனேன். செல்வி சொன்னதை நான் சொல்லவில்லை, மூன்றாவது சுற்றில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

"என் முதுகுக்குப் பின்னாடி கொடம் ஒடஞ்சிதேக்கா" என்றான். "அதான் நான் திரும்பிப் பாக்கல. கொடம் ஒடச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாது இல்ல."

அவன் முதுகுக்குப் பின்னால் அந்தப் படகில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். எனக்குத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.