கழுத்துப் பாசுரம்

என் பேரன் கழுத்தில் நீர் நிறைந்த பை போன்றதொரு வீக்கத்துடன் பிறந்தான். இடக்காதின் அடியிலிருந்து தோள்வரை அது இறங்கியிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி, மகனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, எங்கள் வீடு செங்கல்பட்டில்.

சென்னை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இது புற்றுநோய் அன்று. நிணநீர் ஓடும் குழாய்கள் கருவிலேயே சரியாக இணையாமல் பைகளாகிவிட்டன. வெட்டி எடுத்தால் முகத்தை அசைக்கும் நரம்புகளுக்கு ஊறு நேரலாம். ஆகவே ஊசியால் நீரை இழுத்துவிட்டு உள்ளே மருந்து செலுத்துவார்கள். முதலில் காய்ச்சல் வரும், வீக்கம் கூடும், பிறகே சுருங்கும். சில முறை செய்ய வேண்டும். விட்டுவிட்டால் வீக்கம் ஒருநாள் மூச்சையே அழுத்தக்கூடும்.

அவர் சொன்னபடியே முதல் ஊசிக்குப் பின் வீக்கம் சிவந்து தாடையை மூடிற்று. சொன்னபடிதான் நடக்கிறது என்று நம்பத்தான் எங்களால் இயலவில்லை.

மாலை விளக்கேற்றியதும், குழந்தைக் கண்ணனைத் திருவடி தொடங்கித் திருமுடிவரை அங்கம் அங்கமாகக் காட்டும் பாசுரங்களை ஓதுவது என் வழக்கம். செய்யூரிலிருந்து வந்த என் மருமகள் பிள்ளையை மடியில் கிடத்தி, நான் பாடும் அங்கத்தைத் தொட்டுக்கொண்டே வருவாள். வீக்கம் சிவந்திருந்த அன்று, தோளும் கைகளும் முடிந்து அவள் விரல் கழுத்துக்கு ஏறியது. நான் திருவாய்க்குத் தாவிவிட்டேன்.

"கழுத்துப் பாட்டு எங்க மாமா?"

"மறந்துடுச்சும்மா."

"தூக்கத்துல எழுப்பினாகூட சொல்லுவீங்களே."

மறுநாள் உள்ளறையில் மகன் குரல் கேட்டது. "அடுத்த ஊசி வாணாம். நைனாவே கழுத்தத் தாண்டிப் போயிட்டாரு. அவருக்கு இன்னாவோ தோணிக்கீது."

"இன்னா தோணிக்கீது? அவருக்குப் பாக்கக் கூச்சமா கீது, அவ்ளோதான். நான் தெனமும் தொடச்சு பவுடர் போட்ற கழுத்து அது."

கதவு திறந்தே இருந்தது. எவ்வுடலும் இறைவன் குடியிருக்கும் கோயில் என்று ஊராருக்குச் சொல்லிவந்த வாய் என்னுடையது. என் கூச்சத்தைத் தெய்வக் குறிப்பென்று மகன் எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் அவனிடம் பேச எனக்கு முகமில்லை.

அன்று மாலை பிள்ளையை என் மடிக்கு வாங்கிக்கொண்டேன். தோளும் கைகளும் முடிந்ததும் கழுத்தைத் தொட்டேன். பிறந்தது முதல் நான் தொடாத இடம். வெம்மையாக, மெத்தென்று இருந்தது. பாசுரம் பாதியில் இரண்டு முறை அறுந்தது, மருமகள் எடுத்துக்கொடுத்தாள். கேட்டுக்கேட்டே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

முடித்ததும் மகனிடம், "டாக்டர் குறிச்ச நாளுக்குப் போயிடலாம்பா" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் தலையசைத்தான்.

மேலும் சில ஊசிகளுக்குப் பிறகு வீக்கம் வற்றியது. மாமல்லபுரத்து மணலில் பேரன் ஓடத் தொடங்கியபோது தளர்ந்த ஒரு மடிப்பே எஞ்சியிருந்தது. சளி பிடித்தால் சற்றே உப்பும்.

இன்றும் அந்தப் பாசுரம் வரும்போது, அன்று அதைத் தாண்டிப் போனது நினைவுக்கு வந்து, நான் கண்களை மூடிக்கொள்கிறேன். கோயிலில் என்னோடு ஓதுகிறவர்கள் அதைப் பக்தி என்றெண்ணித் தாங்களும் மூடிக்கொள்கிறார்கள்.