பதினெட்டு ஆம்புலன்ஸ்களால் ஓர் இதயம்

சாவிகள் என்னிடம்தான் இருந்தன. பதினெட்டு ஆம்புலன்ஸ்களின் பதினெட்டுச் சாவிகளும், ஒரு பிஸ்கட் டப்பாவில், என் மேசைமேல். ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு ஒரு மனிதர் பேசிக்கொண்டிருப்பார். நான் கொடுக்கவில்லை. மேலிடத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். உண்மையில் நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

ஒன்றரை வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது, நீங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல... உங்களை எனக்குத் தெரியாது என்பதால்.

புனேயில் அரசு விழாக்களுக்குப் பந்தல் முதல் பலூன் வரை ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் மேலாளர். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாயை ஒரு வாரம் மூடிவைத்து, பிறகு ஆளுங்கட்சித் தலைவர் கையால் திறக்கவைத்திருக்கிறேன். சுத்தமான சாலையில் காய்ந்த சருகை மூட்டை மூட்டையாகக் கொட்டி, அவர் பெருக்குவதைப் படமெடுத்திருக்கிறேன். அவர் பிடித்திருந்த துடைப்பத்தில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஊரை அடித்து உலையில் போடுகிற கூட்டம் அது. அந்த உலைக்கு விறகு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அந்தக் கோடையில் புது ஆம்புலன்ஸ்கள் வந்தன. தலைவர் கொடியசைத்த பிறகுதான் அவை ஓட வேண்டும். வெறுமனே வரிசையாக நிறுத்தினால் என்ன அழகு? இதய வடிவில் நிறுத்துவோம், மேலிருந்து டிரோன் படமெடுக்கட்டும் என்று ஒருவன் யோசனை சொன்னான். அந்த மேதை நான்தான்.

வானவடியில் எங்கள் குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு மைதானம். சுண்ணாம்புப் பொடியில் இதயம் வரைந்து, அதன்மேல் வண்டிகளை நிறுத்த ஒரு முழுநாள் பிடித்தது. செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், இருக்கைகளில் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. கொடியசைக்கும் முன் சக்கரம் உருண்டால் வண்டி பழசாகிவிடும் என்பது எங்கள் தொழிலின் சாஸ்திரம். தலைவரோ இன்று வருகிறார், நாளை வருகிறார் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மாலைகள் வெயிலில் வதங்கின.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா டீச்சர் ஃபோன் செய்தார். எங்கள் மேல்மாடியில் இருப்பவர், நாகர்கோவில்காரர், என் மகளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுத்தவர். அவர் கணவர் ஞானராஜ் சார் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் பால்கனியில் பேப்பரை விரித்து, முழுப்பக்க அரசு விளம்பரத்தைப் பார்த்து, "இந்தா, இன்னைக்கும் பல்லைக் காட்டிட்டான்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வரும்.

"தம்பி, சாருக்கு வாய் ஒரு பக்கமா கோணிட்டு. கையைத் தூக்க முடியல. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா, வண்டியெல்லாம் வெளிய போயிருக்கு, வெயிட் கரோங்கான். உங்க மைதானத்துலதான் அத்தனை வண்டி நிக்கே... ஒண்ணை அனுப்புங்க தம்பி."

"மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்."

பக்கத்தில் நின்ற ஓட்டுநர் பாபுராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே விசாரித்துத் தெரிந்துகொண்டார். "சாவி குடுங்க சாஹேப். அரை மணியில திரும்பி அதே கோட்டுல நிறுத்திடுவேன். மாலையைக்கூடக் கழட்ட மாட்டேன்" என்றார் மராத்தியில்.

அவர் வண்டி இதயத்தின் கீழ்முனையில் நின்றது. அதை எடுத்தால் வடிவமே போய்விடும். தலைவரின் செயலாளர் நண்பகலில் பார்வையிட வருவதாக இருந்தது.

"பாபுராவ், நீங்க போய் ஒரு சாய் குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

ஃபோனை ஐந்து நிமிடம் சும்மா கையில் வைத்திருந்தேன். ஒருவரிடம் கெஞ்சி, மறுக்கப்பட, அவ்வளவு நேரம் ஆகும் என்று தோன்றியது. பிறகு டீச்சரை அழைத்தேன். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் டீச்சர். மறுத்துட்டாங்க."

ஏன் கேட்கவில்லை? மறுத்துவிடுவார்கள் என்ற பயமா? இல்லை... 'எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவர்களை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதைவிடக் கீழே நான் நின்றேன்.

ஞானராஜ் சாரை ஆட்டோவில் இருவர் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். நேரமாகிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போயின.

அந்த நண்பகல் செயலாளர் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தலைவர் வந்தார். பக்கத்தில் ராணுவப் பகுதி. டிரோன் பறக்கக் கூடாது என்று காவலர்கள் அப்போதுதான் சொன்னார்கள். அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியிருக்கவில்லை. தரையிலிருந்து பார்த்தால் எந்த இதயமும் தெரியவில்லை. "ஏன் எல்லாம் தாறுமாறாக நிற்கிறது? நேராக நிறுத்துங்கள்" என்றார் தலைவர். கால் மணி நேரத்தில் நேராக நிறுத்திவிட்டோம். அவ்வளவுதான் அந்த வடிவத்தின் மதிப்பு.

ஆம்புலன்ஸ்கள் மாலையோடு காய்ந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். இரண்டு நாள் கொதித்தீர்கள், மூன்றாம் நாள் கிரிக்கெட் வந்துவிட்டது. எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் கொதித்தவன் நான். மக்கள் உயிரைவிடப் படம் பெரிதா என்று கேட்டேன். கை தட்டினார்கள். உள்ளே இருந்துகொண்டே போராடிப் பார்த்த மனிதர் என்று என்னைப் பற்றிப் பேச்சு. டீச்சர் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பினார். தின்றேன்.

டீச்சருக்காக அரசுக்குப் புகார்க் கடிதம் மராத்தியில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். 'அதிகாரிகளிடம் கேட்கப்பட்டது, அவர்கள் மறுத்தார்கள்' என்று என் கையால், அழகாக.

போன வாரம் அரசு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. டீச்சர் என்னை வீட்டுக்கு அழைத்துப் படிக்கச் சொன்னார். ஞானராஜ் சார் பால்கனி நாற்காலியில் இருந்தார், மடியில் பேப்பர். நான் படித்தேன்: அன்றைய தினம் வண்டி கேட்டு எந்தக் கோரிக்கையும் எங்களுக்கு வரவில்லை. மறுத்த அதிகாரியின் பெயரைத் தெரிவிக்கவும்.

"பொய்யைப் பாத்தீங்களா தம்பி" என்றார் டீச்சர். "கேக்கவே இல்லைன்னு கூசாமச் சொல்றான்."

என் இருபது வருடத் தொழிலில் அந்த அலுவலகம் எழுதி நான் பார்த்த ஒரே உண்மை அது.

"விடக்கூடாது. உங்க பேரு வேண்டாம், உங்க வேலைக்குக் கேடு வந்துரும். மறுத்தவன் பேரை மட்டும் எழுதுவோம். யாரு தம்பி அவன்?"

சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன்... எடுத்தேன்.

"கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.