சின்னப்பா தாத்தா மூக்கு

என் புருஷன் ஓஸ்வால்டுக்கு சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதுக்கெல்லாம் சேர்த்து ஆண்டவர் ஒரே ஒரு வியாதியக் குடுத்துட்டாரு. ஊர் வரலாறு தேடுறது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா மத்த வீட்டு ஆம்பளைங்க மாதிரி இவரும் கறிக்கடைக்குப் போவாரு. போயி, "இந்தக் கடைய யாரு ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி இங்க இன்னா இருந்தது?"ன்னு கேட்டுக்கிட்டே நிப்பாரு. கறி வீடு வந்து சேர்றதுக்குள்ள நான் அரைச்சு வெச்ச மசாலா காஞ்சு போயிடும்.

வேலை, ஃபேக்டரிங்க நெறைஞ்ச பீன்யாவுல. வண்டி பார்ட்ஸ் செய்யிற ஃபேக்டரியில க்வாலிட்டி செக்கிங். ஒவ்வொரு பார்ட்டையும் அளந்து பாத்து, ஒரு மயிரிழை கூடிப்போனாலும் ரிஜெக்ட். அந்தப் புத்தி வீட்டுக்கும் வரும். ஓரம் கருகின தோசைய ஒரு தடவை ரிஜெக்ட்னு சொல்லிப் பாத்தாரு. அப்புறம் சொல்லல. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலன்னு எங்க ஏரியா நீலசந்திராவுல எல்லாருக்கும் தெரியும். என் பிளவுஸ் கடைக்கு வர்ற பொம்பளைங்க, அளவு மாத்தணும்னா ரெண்டு நாள் யோசிச்சிட்டுதான் வாயத் தொறப்பாங்க.

இந்த வியாதி எப்படி ஆரம்பிச்சதுன்னா, எங்க தெரு முனையில ஒரு கல்லுத்தொட்டி இருக்கு. எல்லாரும் அதுலதான் குப்பை கொட்டுவோம். ஒரு நாள் இவரு, "இத இன்னாத்துக்குக் கட்டினாங்க?"ன்னு கேட்டாரு. ஒருத்தருக்கும் தெரியல. அதுலயே மனுஷனுக்குத் தூக்கம் போச்சு. "இன்னா எடம்னே தெரியாம தினம் குப்பை போடுறோமே குளோரியா"ன்னாரு. "தெரிஞ்சி போட்டா மட்டும் மணக்கப் போகுதா?"ன்னு நான் கேட்டேன். கேட்டா விடுவாரா? மாசக்கணக்கா அலைஞ்சி, அது ஜட்கா வண்டிக் குதிரைங்களுக்குத் தண்ணி காட்டக் கட்டின தொட்டின்னு கண்டுபிடிச்சிட்டு வந்தாரு. எங்க பொண்ணு பொறந்தப்போ கூட அந்த மனுஷன் அப்படி சிரிச்சதில்ல.

அப்புறம் டிஸ்பென்சரி, ஸ்கூல், ரேஷன் கடை, கல்லறைத் தோட்டம்னு ஒண்ணு விடல. போன்ல ரெக்கார்டிங் போட்டுக்கிட்டு கதவு கதவா தட்டுவாரு. சில பேரு இன்சூரன்ஸ்காரர்னு கதவ சாத்திடுவாங்க. சில பேரு வீட்டு புரோக்கர்னு நெனச்சி விலை சொல்லிடுவாங்க. ஒரு வீட்டுல பொண்ணுக்கு வரன் கொண்டு வந்த ஆளுன்னு நெனச்சி கேசரியே குடுத்துட்டாங்க. இவரும் வழிச்சு சாப்பிட்டுட்டு, "உங்க வாசல்ல இருந்த கெணத்த எப்போ மூடினாங்க?"ன்னு கேட்டிருக்காரு.

அதுலயும் ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. ஒரு வாய் சொன்னா அது கதை, ரெண்டு வாய் சொன்னாதான் எழுதுவேன்னு. நம்ம சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, யாரா இருந்தாலும் ரெண்டாவது சாட்சி இல்லாம அவர்கிட்ட செல்லாது.

இப்போ படிப்பகத்துக்கு வர்றேன். எங்க தெருவுல ஒரே ரூம்ல ஒரு படிப்பகம் இருக்கு. ரெண்டு பெஞ்சு, தமிழ்ப் பேப்பர், கன்னடப் பேப்பர், சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூஷன். அத ஆரம்பிச்சது என் கொள்ளுத்தாத்தா சின்னப்பா. துரை பங்களா ஒண்ணுல தோட்டக்காரர். அப்போ தெருவுலயே எழுத்து தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தானாம். வேலை முடிஞ்சி வந்து, தெருவிளக்குக்குக் கீழ உக்காந்து எல்லாருக்கும் பேப்பர் படிச்சிக் காட்டுவாராம். மழை வந்தா செய்தி பாதியில நின்னுடுதேன்னு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ரூம் கட்டியிருக்காங்க.

படிப்பகச் சுவத்துல அவரு போட்டோ. தலைப்பாகை, கோட்டு, கோட்டுல ஒரு மெடல், முகத்துல பாதிக்கு மூக்கு. ஜனவரி மாசம் ஸ்தாபகர் தினத்துக்கு ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஒரு முழம் பூ வரும். நாங்க மெழுகுவத்தி ஏத்துவோம். செக்ரட்டரி முனிகிருஷ்ணன் அண்ணன் வீட்டுல கற்பூரம் காட்டி, கண்ணாடி மேல குங்குமம் வைப்பாங்க. பின்தெருவு பௌத்தக் குடும்பங்க விளக்கு வெச்சிட்டுப் போவாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொன்னதில்ல. முதல் மாலை மட்டும் எங்க குடும்பம்தான். எங்கப்பாவோட அக்கா, பெர்னதெத் அத்தை போடுவாங்க.

அத்தைக்குப் புருஷன் சின்ன வயசுலயே போயிட்டாரு, பிள்ளை இல்ல. ஆயுசு பூரா ஊரார் வீட்டுல பாத்திரம் தேச்சவங்க. அந்த ஒரு நாளுதான் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவைய கட்டிக்கிட்டு வருவாங்க, தெருவே எழுந்து நின்னு வழி விடும். வருஷம் பூரா அந்த ஒரு நாளுக்காகவே மூச்சு விடுறாங்களோன்னு எனக்குத் தோணும்.

எனக்கும் அந்த போட்டோவுல பங்கு உண்டு. ஸ்கூல்ல என் மூக்கப் பாத்து எல்லாரும் "கிளி, கிளி"ன்னு கத்துவாங்க. அழுதுகிட்டே வந்தா அத்தை, "அழாதடி, அது சின்னப்பா தாத்தா மூக்கு"ன்னு சொல்வாங்க. நான் படிப்பகத்துக்கு ஓடிப்போயி போட்டோவப் பாப்பேன். ஆமா, அதே மூக்கு. தெருவுக்கே எழுத்து சொல்லிக் குடுத்தவரு மூக்கு என் முகத்துல இருக்குன்னு கண்ணத் தொடச்சிக்குவேன். கண்ணாலம் ஆகி வந்தும் கண்ணாடி பாக்குறப்போ அதையேதான் நெனச்சிக்குவேன்.

இந்த வருஷம் படிப்பகத்துக்கு நூறு. முனிகிருஷ்ணன் அண்ணன் ஒரு விழா மலர் அச்சடிக்கணும்னு வந்து, "ஓஸ்வால்ட், நீங்கதான் வரலாறு எழுதணும்"னு சொல்லிட்டுப் போனாரு. இவருக்குத் தலைகால் புரியல. படிப்பகம் திறந்த அன்னிக்கு பிரேசர் டவுன்லேர்ந்து ஒரு பேண்ட் செட்டு வந்து வாசிச்சதுன்னு பின்தெரு அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. ஒரு வாய்தானே? ரெண்டாவது வாயத் தேடி பிரேசர் டவுனுக்குக் கெளம்பிட்டாரு.

மத்தியானம் திரும்பி வந்தாரு. அவரைக்கொட்டைத் தோல நீக்கி பிதுக்கம்பருப்புக் குழம்பு வெச்சிருந்தேன், அவருக்கு உசுரு அது. தட்டுல கை வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? பேசுங்க"ன்னேன்.

மெதுவா சொன்னாரு. பேண்ட் செட்டுக்காரங்க வாரிசு ஹெர்பர்ட்டுன்னு ஒருத்தரக் கண்டுபிடிச்சி வீட்டுக்குள்ள போயிருக்காரு. ஹால்ல, சுவத்துல, எங்க சின்னப்பா தாத்தா. அதே தலைப்பாகை, அதே கோட்டு, அதே மெடல்.

"இது யாருங்க?"ன்னு கேட்டதுக்கு ஹெர்பர்ட், "எங்க தாத்தா தியோடர். பேண்ட் மாஸ்டர். அந்த மெடல் கிளாரினெட் வாசிச்சதுக்குக் குடுத்தது"ன்னு சொல்லி, கல்யாண போட்டோ, பேண்டோட எடுத்த போட்டோ எல்லாம் காட்டியிருக்காரு. எல்லாத்துலயும் அதே ஆளு.

"தோட்டக்காரருக்கு ஏது மெடல்னு எனக்கு எப்பவும் ஒரு உறுத்தல் குளோரியா"ன்னாரு.

"உறுத்தினா கண்ணக் கசக்கிக்கிட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே!"ன்னு கத்தினேன். "இத எழுதப் போறீங்களா?"

"எழுதலன்னா பொய்ய அச்சடிச்ச மாதிரி ஆயிடும்."

"யாரோ ஊரான் போட்டோவுக்கு ஆயுசு பூரா மாலை போட்டீங்கன்னு அத்தைகிட்ட சொல்லுவீங்களா? எண்பத்தி ரெண்டு வயசுல அவங்களுக்கு வேற இன்னா இருக்கு? நூறு வருஷம் ஒரு பொய்ய தாங்கின சுவரு இன்னும் பத்து வருஷம் தாங்காதா?"

அந்த வாரம் பூரா எங்க வீட்டுல குக்கர் விசில் மட்டும்தான் பேசிச்சி. ராத்திரி படுத்தா எனக்கும் மனசு கேக்கல. அத்தைக்காக மட்டும் இல்ல, என் மூக்குக்காகவும்தான் அழுதேன். இத்தனை வருஷம் யாரோ கிளாரினெட்காரரு மூக்க எங்க தாத்தா மூக்குன்னு தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் இவரு கறிக்கடைப் பக்கம் போகாம அத்தை வீட்டுப் பக்கம் திரும்பினாரு. செருப்ப மாட்டியும் மாட்டாமலும் பின்னாடியே ஓடினேன். அத்தை தரையில உக்காந்து அவரைக்காய் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் கண்ணால எவ்வளவோ ஜாடை காட்டினேன். அந்த மனுஷன் அத்தை முன்னாடி போயி சப்பணம் போட்டு உக்காந்து, ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டாரு.

அத்தை கை நின்னுடுச்சி. நான் தண்ணிக்கு ஓடலாமான்னு பாத்தேன்.

"அவரு பேரு இன்னான்னு சொன்னீங்க மாப்ளே?"

"தியோடர், அத்தை."

அத்தை நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாங்க. "தியோடர். நல்ல பேரு. இத்தனை வருஷமா பேர் தெரியாம ஐயான்னே கூப்பிட்டுட்டேன்."

நான் அவங்க பக்கத்துல உக்காந்துட்டேன். "அத்தை! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஏழு வயசு வரைக்கும் சின்னப்பா தாத்தா மடியில வளந்தவடி நான். எங்க தாத்தா மொகம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" கையில இருந்த தோல உதறிட்டு சொன்னாங்க. "தாத்தா போட்டோவே எடுத்துக்கல. எடுத்தா ஆயுசு குறையும்னு பயம். அவரு செத்ததும் படிப்பகத்தோட வெள்ளி விழா வந்தது. போட்டோ இல்லாம எப்படின்னு கமிட்டில எங்கப்பாவ ஃப்ரேம் கடைக்கு அனுப்பினாங்க. யாரோ ரெண்டு காப்பி ஆர்டர் குடுத்துட்டு ஒண்ண மட்டும் வாங்கிட்டுப் போயிருந்தாங்க, மீதி கெடந்த படத்த கடைக்காரன் எடுத்துக் குடுத்தான். பாக்க மரியாதையா இருக்காரு, இந்த வருஷத்துக்கு மாட்டிக்கோன்னான். மாட்டினாங்க. அடுத்த வருஷம் பாத்தா பூ வந்துடுச்சி, கற்பூரம் வந்துடுச்சி. கும்பிட்ட படத்த எப்படிக் கழட்டுறது?"

"தெருவுல யாரும் கேக்கலையா?"ன்னாரு இவரு.

"எல்லாருமே தாத்தாவப் பாத்தவங்கதானே மாப்ளே. மாலை போட ஒரு கழுத்து வேணும், அவ்ளோதான்னு விட்டுட்டாங்க. இப்போ அவங்க யாரும் இல்ல. மாலை போடுறப்போ எங்கப்பா அந்தப் படத்துகிட்ட மெல்ல சொல்வாரு. 'ஐயா, நீங்க யாரோ, எங்கள மன்னிச்சிக்கோங்க'ன்னு. நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். கல்லறைத் திருநாளுக்கு நம்ம கல்லறையில ஒரு மெழுகுவத்தி அதிகமா வெப்பேனே, பாத்ததில்ல நீ? அது அவருக்கு."

பாத்திருக்கேன். ஒவ்வொரு வருஷமும் பாத்திருக்கேன். கணக்குத் தெரியாம கிழவி ஒண்ணு கூட வெக்கிறாங்கன்னு சிரிச்சிருக்கேன்.

"ஏன் அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"ன்னு இவரு கேட்டாரு.

"நீங்க எங்க கேட்டீங்க? ஊர்ல இருக்கிற கதவெல்லாம் தட்டினீங்க. என் கதவுக்கு வந்தா, 'சாப்ட்டீங்களா அத்தை'ன்னு கேட்டுட்டு ஓடிடுவீங்க."

அதுவும் நெசம்தான். மாமியார் வீட்டுப் பெரியவங்க முன்னாடி செல்போன நீட்டி கேள்வி கேக்குறது மரியாதை இல்லன்னு எங்க ஓஸ்வால்டுக்கு ஒரு கூச்சம். கேசரி குடுத்த வீட்டுல வராத கூச்சம்!

ஓஸ்வால்ட் போயி எல்லாத்தையும் சொல்லி அழைச்சதுல, ஸ்தாபகர் தினத்துக்கு ஹெர்பர்ட்டு குடும்பத்தோட வந்தாரு. கண்ணாடி மேல குங்குமத்தப் பாத்ததும், "எங்க தாத்தா மாதா கோயில்ல பேண்ட் வாசிச்ச ஆளுங்க, அவருக்குப் பொட்டு வெச்சிட்டீங்களே!"ன்னு எகிறினாரு. முனிகிருஷ்ணன் அண்ணன் கையப் புடிச்சி உக்கார வெச்சி, எழுபத்தஞ்சு வருஷமா வீட்டுக்கு ஒரு முழம் பூ வருதுன்னு சொன்னாரு. ஹெர்பர்ட்டு திரும்பி அந்தப் பூவெல்லாம் பாத்தாரு. "நாங்க அவரு நெனவு நாளுக்குக் கூட ஒரு பூ வெச்சதில்லைங்க"ன்னாரு. கழட்டிக்கிட்டுப் போக கொண்டு வந்த பைய மடிச்சி பாக்கெட்டுல வெச்சிக்கிட்டாரு. படம் இங்கயே இருக்கட்டும், கீழ பேர் மட்டும் எழுதுங்கன்னாரு.

அத்தை வெள்ளைப் புடவையில வந்தாங்க. தெரு எழுந்து நின்னுது. மாலையப் போட்டுட்டு, "தியோடர் ஐயா, ரொம்ப நன்றி"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. அந்தப் பேர அவங்க சொன்ன விதத்துல ஹெர்பர்ட்டு கைக்குட்டைய எடுத்தாரு.

ஆனா முனிகிருஷ்ணன் அண்ணனுக்குக் கவலை தீரல. "அப்போ நம்ம சின்னப்பா? எப்படி இருந்தாருன்னே யாருக்கும் தெரியாதே. மலர்ல அந்தப் பக்கம் காலியா நிக்குதே."

ஓஸ்வால்ட் அத்தை பக்கத்துல பெஞ்சுல உக்காந்தாரு. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து முதல் தடவையா செல்போன எடுத்து அவங்க முன்னாடி நீட்டினாரு. "சொல்லுங்க அத்தை. தாத்தா பாக்க எப்படி இருப்பாரு?" சொல்லிட்டு, ஆளு மாறுவாரா, "உங்களத் தவிர பாத்தவங்க யாரும் இல்ல. ரெண்டாவது சாட்சிக்கு நான் எங்க போவேன்?"ன்னாரு.

"ஏன் இல்ல?"ன்னாங்க அத்தை. திரும்பி என்னக் காட்டினாங்க. "உங்க பொண்டாட்டியக் கேளுங்க. காலையில பல்லு வெளக்குறப்போ கண்ணாடியில தினம் பாக்குறா. அது சின்னப்பா தாத்தா மூக்குன்னு அவ பிள்ளையா இருக்கிறப்போலேர்ந்து சொல்றேன். யாரு நம்பறா? ஓடிப்போயி இந்தப் படத்தப் பாத்து, பெரிய மூக்கெல்லாம் ஒண்ணுன்னு நெனச்சிட்டு வந்துடுவா."

தெருவே என் மூக்கப் பாத்தது. வேற நாளா இருந்தா அத்தனை பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்னிக்கு நான் வெளிச்சத்துப் பக்கமா நகந்து, எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்னு மொகத்தத் தூக்கிக்கிட்டு நின்னேன்.